ஊசியை நிறுத்தினால் விந்தணு திரும்புமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. பனியன் கம்பெனியில் ப்ரொடக்‌ஷன் சூப்பர்வைசர். கல்யாணமாகி மூன்று வருடம், மனைவிக்கு 28. இதுவரை எல்லாப் பரிசோதனையும் மனைவிக்குத்தான் நடந்திருக்கிறது: மாதாமாதம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, முட்டை வளர மாத்திரை. எதிலும் குறை தெரியவில்லை. போன மாதம் ஒரு கருத்தரிப்பு மையத்தில் முதல்முறையாக இவரிடம் விந்து மாதிரி கேட்டிருக்கிறார்கள். அளவு 2.5 மில்லி, விந்தணு 'நில்', அதாவது ஒன்றுகூட இல்லை. கூடவே எடுத்த ரத்தத்தில், விரையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 0.4 என்று இருக்கிறது. விரையிலிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம், அதிலும் இல்லையென்றால் தான விந்துதான் வழி என்று சொல்லி அடுத்த வாரத்துக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். மனைவியிடம், "கவுண்ட் கொஞ்சம் கம்மியாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"பதினாலு வயதிலிருந்து எனக்குக் கைப்பழக்கம் இருந்தது. இருந்ததெல்லாம் அப்போதே தீர்ந்துபோய்விட்டதா டாக்டர்?" என்று கேட்கிறார். நாற்பது துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து ஊறும் என்று சொல்லி, ஆறு மாத லேகியத்துக்கு ஒருவர் 35,000 ரூபாய் கேட்டிருக்கிறார். வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி.

கையெழுத்துக்குக் கீழே, மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல நான்கு வரி இருந்தது. "இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். மாஸ்டர் சொல்லி வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரான் ஊசி, 250 மில்லிகிராம், போட்டு வருகிறேன். அது ஆண்மைக்கான ஊசிதானே, அதனால் விந்தணு கூடத்தானே செய்யும்? நண்பனின் தம்பி, 21 வயது, அவனும் என்னோடுதான் போடுகிறான்."

தம்பி, உங்கள் கடிதத்துக்கான பதில் பெரும்பாலும் அந்த நான்கு வரியில்தான் இருக்கிறது. மையத்தில் இருந்த மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சொல்லியிருந்தால் அடுத்த வாரத்துத் தேதி அநேகமாக வந்திருக்காது.

விரைக்குள் நடப்பது

முதலில் உங்களை இரவு தூங்கவிடாமல் செய்யும் கேள்வியைத் தீர்த்துவிடுவோம். ஆணின் உடம்பில் விந்தணு கையிருப்பாக வைக்கப்படவில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே கருமுட்டைகள் உள்ளே இருக்கும். வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டு வரும். ஆணுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பருவ வயதில் தொடங்கும் உற்பத்தி, ஆரோக்கியமான உடம்பில் எழுபது வயதிலும் நடக்கும், வேகம்தான் குறையும். நீங்கள் பதினான்கு வயதில் வெளியேற்றியது அந்த மாதத்துச் சரக்கு. இன்றைய எண்ணிக்கைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. விரையைத் திறந்து, பெரிதாகக் காட்டும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வேலை செய்வது என் தொழில். வெள்ளையான கெட்டி உறையைக் கீறியதும் உள்ளே தெரிவது, வேகவைத்த சேமியாவை நெருக்கமாகச் சுருட்டி அடைத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு இழையும் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த குழல். ஒரு விரைக்குள் இருக்கும் இழைகளை எல்லாம் பிரித்து நீட்டிவைத்தால் சில நூறு மீட்டர் வரும். உற்பத்தி நடக்கிற குழல் சற்றே பருத்து, பால் நிறத்தில் இருக்கும். நடக்காத குழல் ஒல்லியாக, கண்ணாடிபோல வெளிறிக் கிடக்கும். கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம்.

அந்தக் குழலின் சுவரில் வெளிவிளிம்பை ஒட்டி மூலச் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவை பிரியும்போது ஒரு பங்கு மூலச் செல்லாகவே தங்கிவிடும். மறு பங்கு விந்தணுவாகும் வழியில் உள்நோக்கி நகரும். கைமுதல் கரையாமல் தொழில் நடப்பது இதனால்தான். நகர்ந்த செல் பலமுறை பெருகி, பிறகு 46 குரோமோசோமை 23 ஆகப் பாதியாக்கும் அந்தப் பிரிவுக்குள் போகிறது. அதன் முடிவில் ஒன்று நான்காகும். அப்போதும் அது உருண்டையான சாதாரணச் செல்தான். வால் இல்லை. இனித்தான் உருமாற்றம்: மரபுப் பொருள் இறுகக் கட்டப்பட்டுத் தலையாகிறது, தலைமேல் முட்டையைத் துளைக்கும் நொதிகள் நிறைந்த ஒரு தொப்பி ஏறுகிறது, கழுத்தைச் சுற்றி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சுருளாக அமைகிறது, வால் முளைக்கிறது, தேவையில்லாத சதை கழற்றி விடப்படுகிறது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொன்றையும் அணைத்துப் பிடித்து ஊட்டுவது செர்டோலி செல்கள். 1865-ல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலியர் கண்டு சொன்னவை அவை.

நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஆணின் இரண்டு விரையும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் விந்தணுவை இப்படி உருவாக்குகின்றன. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல ஆயிரம்.

வேகம் அப்படி என்றாலும், தனி ஒரு விந்தணுவுக்கு ஆகும் காலம் வேறு. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஷிப்மென்ட் தினமும் போகலாம், ஆனால் இன்று பெட்டியில் ஏறிய பனியனின் நூல் எத்தனை வாரத்துக்கு முன் வந்தது? நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் தாண்டித்தானே வந்தது? மூலச் செல்லிலிருந்து வால் முளைத்த விந்தணு வரை 64 முதல் 74 நாள் ஆகிறது. 1963-ல் ஹெல்லர், கிளெர்மான்ட் என்ற இருவர் செல்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு 64 நாள் என்று முதலில் கணக்கிட்டார்கள். குழலிலிருந்து வெளியே வந்த புதிதில் அதற்கு நீந்தத் தெரியாது. விரையின் முதுகில் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற ஆறு மீட்டர் நீளக் குழாயை ஒன்றிரண்டு வாரத்தில் கடந்து வரும்போதுதான் அந்தத் திறன் வருகிறது. மொத்தத்தில் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெங்கு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்தவருக்கு எண்ணிக்கை சரிவது ஒன்றிரண்டு மாதம் தள்ளித் தெரிவதும் இதே காரணத்தால்தான். இந்த மூன்று மாதக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், கீழே வேண்டியிருக்கும்.

'விந்து நன்றாகத்தானே வருகிறது, அப்புறம் எப்படி நில்?' என்றும் எழுதியிருக்கிறீர்கள். விந்து வேறு, விந்தணு வேறு. வெளிவரும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பைகளிலும், மீதி ப்ராஸ்டேட்டிலும் சுரப்பது. விரையிலிருந்து வரும் பங்கு நூற்றில் ஐந்துகூட இருக்காது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கும் விந்து அதே அளவில்தான் வரும், உள்ளே அணு இருக்காது, அவ்வளவுதான். கெட்டியாக இருக்கிறதா, நீர்த்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாற்பது துளி ரத்தம்

சித்த மருத்துவத்தில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று ஏழு உடற்கட்டுகள் உண்டு. ஒன்றிலிருந்து அடுத்தது என்ற அந்த வரிசை பழைய மருத்துவச் சிந்தனையின் ஒரு பகுதி, அதை மதிக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு 'நாற்பது துளிக்கு ஒரு துளி' என்று கணக்குப் போட்டு, பயந்துபோன இளைஞனிடம் விலை பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விந்து ரத்தத்திலிருந்து வடிகட்டி வருவது இல்லை. வெளியேறாமல் தங்கும் விந்தணுவும் பழையதாகி உடைந்து உடம்பிலேயே கரைந்துவிடும்; சேர்த்து வைக்க இடமே கிடையாது. இந்தப் பயத்தால் நம் நாட்டு இளைஞர்களுக்கு வரும் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் மனநல மருத்துவர் விக் 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். ஆண்மையைக் கூட்டுகிறேன் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். 35,000 ரூபாயை வங்கியில் வையுங்கள், தம்பி. கீழே சொல்லும் பரிசோதனைகளுக்கு அதில் ஒரு பகுதி போதும்.

ஊசி என்ன செய்தது

விரையைத் தூண்டும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பும். எல்.எச். போய்ச் சேர்ந்தால் விரைக்குள் இருக்கும் லெய்டிக் செல்கள் டெஸ்டோஸ்டிரான் சுரக்கும். எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்களை வேலைக்கு எழுப்பும். விந்தணு உருவாக ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரான் போதாது. விரைக்குள்ளேயே அதைவிடப் பல மடங்கு அடர்த்தி வேண்டும். அந்த அடர்த்தி உள்ளே சுரந்தால் மட்டும்தான் கிடைக்கும்.

நீங்கள் வாரா வாரம் வெளியிலிருந்து ஏற்றியபோது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரான் நிரம்பி வழிந்தது. மூளை அதைப் பார்த்து, சந்தையில் சரக்கு தேவைக்கு மேல் கிடக்கிறது என்று ஆர்டரை நிறுத்திவிட்டது. எல்.எச். இல்லை, எஃப்.எஸ்.எச். இல்லை. தசைக்கு வேண்டிய அளவு ஊசியில் கிடைத்ததால் உடம்பு ஏறியது. விரைக்குள் வறண்டு, உற்பத்தி நின்றது. விரை முன்பைவிடச் சிறுத்து மெத்தென்று ஆனதுபோல் தோன்றுகிறதா? தோன்றினால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரான் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வில், 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் 157 பேருக்கு விந்தணு அடியோடு இல்லாமல் போனது. நீங்கள் போடுவது வாரம் 250. குழந்தைக்காக வேண்டிக்கொண்டே, தெரியாமல் இரண்டு வருடம் கருத்தடை ஊசி போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் எஃப்.எஸ்.எச். 0.4 என்பது இந்தக் கதைக்கு அப்படியே பொருந்துகிறது. விரை தானாகப் பழுதாகியிருந்தால் மூளை 'வேலை செய், வேலை செய்' என்று விரட்டும், எஃப்.எஸ்.எச். உயர்ந்து நிற்கும். உங்களுடையது தரையில் கிடக்கிறது. தொழிற்சாலை இடிந்ததாக இந்தக் காகிதத்தில் அறிகுறி இல்லை. உத்தரவு வரவில்லை என்பதற்குத்தான் இருக்கிறது. இவ்வளவும் கடிதத்தை வைத்துச் சொல்வது. நேரில் ஒரு மருத்துவர் உங்களைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும். இப்படிக் கருத்தடை ஆய்வுகளில் ஊசி போட்டு நிறுத்திய ஆண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2006-ல் ஒரு அலசல் வந்தது. மில்லிக்கு இரண்டு கோடி என்ற எண்ணிக்கையை ஆறு மாதத்தில் எட்டியவர்கள் நூற்றுக்கு 67 பேர், ஒரு வருடத்தில் 90 பேர், இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை இருந்தவர்கள், அளவும் கட்டுப்பாட்டில் இருந்தது. ஜிம் ஊசியில் என்ன கலந்திருந்தது, வேறென்ன சேர்த்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு போன்ற எண்ணெய் ஊசிகள் உடம்பில் நீண்ட நாள் தங்கும். மாஸ்டர் கொடுத்த எல்லாவற்றின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள், குப்பி இருந்தால் குப்பியையே எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்று வருடம். ஊசி இரண்டு வருடம். அதற்கு முந்தைய ஒரு வருடம் ஏன் கரு தங்கவில்லை? பலருக்கு முதல் வருடம் தங்காமல் பிறகு தங்குவது உண்டு, அதனால் அது ஒன்றுமில்லாததாக இருக்கலாம். உங்கள் எண்ணிக்கை முன்பே குறைவாக இருந்திருக்கவும் கூடும். விந்தணு திரும்பி வரும்போதுதான் தெரியும்.

இப்போது செய்ய வேண்டியவை

ஊசியை நிறுத்துங்கள், ஆனால் தனியாக நிறுத்தாதீர்கள். ஆண் மலட்டுத்தன்மையில் அனுபவமுள்ள யூராலஜிஸ்ட் அல்லது ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். வெளியிலிருந்து வருவது நின்று, உள்ளே சுரப்பது இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில் உடம்பு தளரும். ஆசை குறையும், எரிச்சலும் சோர்வும் வரும். சிலருக்கு மனம் மிகவும் இருண்டுபோகிறது. அப்படி ஆனால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தாங்க முடியாமல் பலர் ஊசிக்கே திரும்புவது இந்த வாரங்களில்தான். 'நிறுத்தினால் இந்த மாத்திரையைப் போடு' என்று ஜிம்மிலேயே ஒரு பொட்டலம் கொடுப்பார்கள், அதைத் தொடாதீர்கள். எச்.சி.ஜி. ஊசியோ க்ளோமிஃபீன் மாத்திரையோ கொடுத்து விரையைச் சீக்கிரம் எழுப்ப முடியும். அது வேண்டுமா, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ரத்த அளவைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரான், ப்ரோலாக்டின், ஹீமோகுளோபின் பாருங்கள். ப்ரோலாக்டின் எதற்கு என்றால், பிட்யூட்டரியில் சிறு கட்டி இருந்தாலும் உத்தரவு நின்றுபோகும். ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு அதைத் தவறவிடக்கூடாது. ஹீமோகுளோபின், ஊசி ரத்தத்தைத் தடிக்க வைப்பதால்.

விந்துப் பரிசோதனையை இன்னொரு நல்ல ஆய்வகத்தில் மறுபடி செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். அணு எதுவும் தெரியாவிட்டால், திரவத்தைச் சுழற்றி அடியில் படிவதையும் தேடிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அப்படிப் பார்க்காமல் 'நில்' என்று எழுதக்கூடாது. அதன் பிறகு ஊசி நின்ற நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. வாரா வாரம் போய்ப் பார்த்து மனம் உடையாதீர்கள். நூல் இப்போதுதான் தறியில் ஏறுகிறது. மில்லிக்கு 1.6 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் இருக்கும் கீழ் எல்லை. அதற்குக் குறைவாக இருந்தும் இயற்கையாகக் குழந்தை பெற்றவர்கள் உண்டு.

அடுத்த வாரத் தேதி

தள்ளிவையுங்கள். உத்தரவு நின்றுபோன விரையைக் கீறி விந்தணு தேடுவது, கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினைப் பிரித்துப் பழுது பார்ப்பது போல. வீண் தழும்பு, வீண் செலவு. உங்கள் மனைவிக்கு 28 வயதுதான். ஆறு மாதம், தேவைப்பட்டால் ஒரு வருடம் பொறுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அவருக்கு 37, 38 என்றிருந்தால் இதே யோசனையை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வருடம் கழித்தும் எதுவும் வரவில்லை, அப்போது எஃப்.எஸ்.எச். உயர்ந்து நிற்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும்: குரோமோசோம், ஒய் குரோமோசோமில் சிறு இழப்பு, பருவ வயதிலோ அதற்குப் பிறகோ வந்த அம்மைக்கட்டு விரையைத் தாக்கியிருப்பது. அந்த நிலையிலும் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடி, கிடைக்கும் ஒரு சில அணுக்களைக்கொண்டு முட்டையில் ஊசி மூலம் செலுத்தும் இக்ஸி முறை இருக்கிறது. 1992 முதல் இக்ஸி முறையில் குழந்தைகள் பிறக்கிறார்கள். தான விந்து அதற்கும் பிறகு யோசிக்க வேண்டியது. அதை எடுத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க உங்கள் இருவரின் குழந்தை. ஆனால் 2021-ம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, மையம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் எல்லாவற்றையும் விளக்கி எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனைவியிடம்

'கொஞ்சம் கம்மி' என்று சொன்னதைத் திருத்துங்கள். இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டது அவர், வலியோடு அந்த எக்ஸ்ரே எடுத்துக்கொண்டது அவர், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கல்யாண வீடுகளில் கேள்வி வாங்கியதும் அவர். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கும். அதனால் விந்துப் பரிசோதனை முதல் மாதத்திலேயே நடந்திருக்க வேண்டும். நடக்காததற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை, நாங்களும்தான். பெண்ணை முதலில் படுக்கவைத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலிலும் இன்னும் போகவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, ஊசி விஷயத்தையும் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு விந்தணு வரும்வரை அவர் முட்டை வளரும் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையும் அவரோடு பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சு வரும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

உடற்பயிற்சியை விட வேண்டாம். ஊசி இல்லாமலும் உடம்பு வைக்கும், மெதுவாக.

கடைசியாக அந்த 21 வயதுத் தம்பி. அவன் வயதில் இது எதுவும் அவன் மனதில் இருக்காது, கல்யாணம் இன்னும் எத்தனையோ வருடம் தள்ளி. உங்கள் ரிப்போர்ட்டின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவனைப் பாருங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான்.